பேஸில் ரன்னர் நிற்கும்போது: இளையோர் சாஃப்ட்பாலில் ஓட்டத்தைக் கற்பிக்கும் முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு வட்டாரப் பள்ளிகளில் சாஃப்ட்பாலுக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தெருவில் கிரிக்கெட் ஆடிப் பழகியவர்கள். மற்றவர்கள் கோ-கோ, கபடி அணிகளிலிருந்து வருபவர்கள். அடிப்பதையும் பிடிப்பதையும் அவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். பேஸில் (ஓடும் சதுரத்தின் மூலைகளில் ரன்னர் தொட்டு நிற்கும் இடம்) ஏறி நின்ற பிறகு என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தால் கையில் இருந்த ஆட்டம் எதிரணிக்குப் போய்விடுகிறது.

இந்த வழிகாட்டி உடற்கல்வி ஆசிரியர்களுக்காகவும், அணியின் மூத்த ஆட்டக்காரர்களுக்காகவும் எழுதப்படுகிறது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கிறது என்பதற்காக முதல் நாளே ஸ்டீல் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது) சொல்லிக்கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஃபோர்ஸ் (பேஸை விட்டு ஓடியே ஆக வேண்டிய கட்டாயம்) புரியாத பிள்ளைக்கு ஸ்டீல் கற்பித்தால், அது வேகமாக ஓடிப் போய் அவுட் ஆகும், அவ்வளவுதான். இங்கே சொல்லப்படும் விதிகள் வேகப் பந்துவீச்சு சாஃப்ட்பாலுக்கு உரியவை. மெதுவான பந்துவீச்சு ஆட்டத்தில் பேஸை விடும் விதி வேறு.

1. முன்கூட்டியே இருக்க வேண்டியவை

பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 18.29 மீட்டர். காலடியால் அளந்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தூரம் வரும், பிள்ளையின் கால்கணக்கு கெட்டுவிடும். ஆகவே நாடாவால் அளக்க வேண்டும். அடிப்பவர் நிற்கும் இடத்தில் உள்ள ஹோம் பிளேட்டின் பின்முனையிலிருந்து இரண்டாம் பேஸின் நடுப்பகுதி வரை மூலைவிட்டம் 25.86 மீட்டர் வருகிறதா என்று பார்த்துவிட்டால், சதுரம் கோணலாகிவிட்டதா என்பது தெரிந்துவிடும்.

பிட்ச்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் தட்டை மையமாக வைத்து 2.44 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். பெரும்பாலான பயிற்சி மைதானங்களில் இந்த வட்டம் இருப்பதே இல்லை. இது இல்லாமல் ஏழாவது படியைக் கற்பிக்க முடியாது. ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸுக்குப் போகும் கோட்டின் பின்பாதியில், ஃபவுல் பக்கமாக (கோட்டுக்கு வெளியே), 0.91 மீட்டர் அகலத்தில் ஓடுபாதைக் கோட்டையும் சுண்ணாம்புத்தூளால் போட்டுவிடுங்கள்.

பேஸ்கள் நகரக்கூடாது. நம் பக்கத்து மைதானங்களில் சரளை கலந்த கெட்டி மண் அதிகம். அதன்மேல் சும்மா வைத்த பலகையோ சாக்கோ காலடியில் வழுக்கிக் கணுக்காலைத் திருப்பிவிடும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்தில் செருப்புத் தொழிலில் மீந்துபோகும் தடித்த ரப்பர் தகடு கிடைத்தால் அதைச் சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலும் தலை வெளியே தெரியாதபடி ஆணி அறைந்து பயன்படுத்தலாம். முதல் பேஸை மட்டும் இரட்டைப் பேஸாக அமையுங்கள்: வெள்ளைப் பாதி ஃபேர் பக்கம் (கோட்டுக்கு உள்ளே), வண்ணப் பாதி ஃபவுல் பக்கம். ஓடுபவருக்கும் பேஸில் நிற்கும் ஃபீல்டருக்கும் கால் மோதாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ரன்னர்கள் அனைவருக்கும் ஹெல்மெட் வேண்டும். பயிற்சிக்கு அதை விட்டுவிடுவது தவறு, ஏனென்றால் குறி தவறிய எறிகள் அதிகம் வருவது பயிற்சியில்தான். சித்திரை, வைகாசியில் காலை எட்டரைக்குள் ஓட்டப் பயிற்சியை முடித்துவிட வேண்டும். வேலூர் வெயிலில் அதற்குப் பிறகு ஓடவிட்டால் பிள்ளைகளுக்குக் கவனம் நிற்காது, மயக்கமும் வரும்.

போட்டிக்குப் போகும் முன் அமைப்பாளரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த வயதுப் பிரிவில் ஸ்டீலுக்கு அனுமதி உண்டா, மூன்றாம் ஸ்டிரைக்கை (அடிப்பவருக்கு எதிராக எண்ணப்படும் வீச்சு) கேட்ச்சர் (அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) தவறவிட்டால் அடித்தவர் ஓடலாமா, தலையை முன்னிட்டுச் சறுக்கலாமா, பந்து எந்தக் கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நிற்கும். கடைசிக் கேள்வி நம் மைதானங்களில் முக்கியமானது, ஏனென்றால் கேட்ச்சருக்குப் பின்னால் வலையோ சுவரோ இல்லாத இடங்களே மிகுதி. பிட்ச்சர் வீசிய பந்து அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு ரன்னருக்கும் ஒரு பேஸ் கிடைக்கும். ஃபீல்டர் எறிந்த பந்து தாண்டிவிட்டால், எறியப்பட்ட நொடியில் கடைசியாகத் தொட்டிருந்த பேஸிலிருந்து இரண்டு பேஸ் கிடைக்கும்.

2. முதல் பாடம் ஃபோர்ஸ்

அடித்தவர் முதல் பேஸுக்கு வர வேண்டியிருப்பதால், அங்கே ஏற்கெனவே நிற்பவர் இடம் விட்டே ஆக வேண்டும். அவரால் இரண்டாம் பேஸில் இருப்பவரும், அவரால் மூன்றாம் பேஸில் இருப்பவரும் நகர்ந்தே தீர வேண்டும். இப்படித் தள்ளப்படும் ரன்னரை அவுட்டாக்க, பந்தை வைத்திருக்கும் ஃபீல்டர் அவர் போகவேண்டிய பேஸைத் தொட்டால் போதும். தள்ளப்படாத ரன்னரைப் பந்தால் தொட்டே ஆக வேண்டும்.

பந்தே இல்லாமல் இதைக் கற்பியுங்கள். பிள்ளைகளை வெவ்வேறு பேஸ்களில் நிறுத்தி, "இப்போது கிரவுண்டர் வந்தால் யார் யார் ஓடியே ஆக வேண்டும்?" என்று கேளுங்கள். கிரவுண்டர் என்பது தரையோடு வரும் அடி. இரண்டாம் பேஸில் மட்டும் ஒருவர் நின்றால் யாரும் தள்ளப்படவில்லை. முதல், மூன்றாம் பேஸ்களில் இருவர் நின்றால் முதல் பேஸ் ரன்னர் மட்டும் தள்ளப்படுகிறார். தனக்குப் பின்னால் உள்ள எல்லாப் பேஸ்களும் நிரம்பியிருந்தால் நகர்ந்தாக வேண்டும், நடுவில் ஒன்று காலியாக இருந்தாலும் தேவையில்லை என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டு சொல்லும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

கிரிக்கெட்டிலிருந்து வரும் பிள்ளைகள் இங்கே இரண்டு விதமாகத் தவறுவார்கள். அங்கே அடித்தால் இரு முனையும் சேர்ந்து ஓடுவது பழக்கம் என்பதால், இரண்டாம் பேஸில் தனியாக நிற்பவர் ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) கையிலேயே பந்து போனாலும் ஓடிவிடுவார். அதற்கு நேர்மாறாக, பந்து அருகிலேயே விழுந்துவிட்டால் "வேண்டாம்" என்று கையைக் காட்டி முதல் பேஸிலேயே நின்றுவிடும் பிள்ளையும் உண்டு. அந்த உரிமை இந்த ஆட்டத்தில் அவருக்கு இல்லை.

ஃபோர்ஸ் விலகும் நேரத்தையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். முதல் பேஸில் ரன்னர் இருக்கிறார், கிரவுண்டர் நேராக முதல் பேஸ் ஃபீல்டரிடம் போகிறது, அவர் பேஸைத் தொட்டு அடித்தவரை அவுட்டாக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியே முன்னால் ஓடிக்கொண்டிருப்பவரைத் தள்ள யாருமில்லை. அவரைப் பந்தால் தொட்டே அவுட்டாக்க வேண்டும், அவர் திரும்பி முதல் பேஸுக்கே வரவும் செய்யலாம். இதை அறிந்த ரன்னர் இரண்டாம் பேஸ் அருகே போனபின் சும்மா அவுட் ஆகாமல், நின்று ஃபீல்டரை அலைக்கழிப்பார்.

ஃபோர்ஸ் இல்லாத நேரத்தில் ஒரே பேஸில் இருவர் வந்து நின்றுவிட்டால், அந்தப் பேஸ் முன்னால் உள்ள ரன்னருக்கே உரியது. பின்னால் வந்தவர்தான் தொடப்பட்டால் அவுட். முன்னால் உள்ளவரைக் கடந்து ஓடினாலும், கடந்தவர் அவுட்.

3. அடித்தபின் முதல் பேஸ் வரை

மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். வீசி எறியவும் கூடாது, கூடவே தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. கிரிக்கெட்காரர்கள் மட்டையோடு பாதித் தூரம் போவதைப் பார்க்கலாம்.

முதல் பேஸில் நிற்கத் தேவையில்லை, ஓடிக் கடக்கலாம். ஆகையால் பேஸைத் தாண்டி மூன்று நான்கு எட்டு வைத்தபிறகே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று கற்பியுங்கள். பேஸின் மேல் குதிப்பதும் கடைசி எட்டை நீட்டிப் போடுவதும் ஓட்டத்தைக் குறைக்கின்றன. ஃபீல்டர் அங்கே அவுட்டாக்க முயலும்போது வண்ணப் பாதியைத் தொட வேண்டும். பின்பாதித் தூரத்தில் ஓடுபாதைக் கோட்டுக்குள்ளேயே ஓட வேண்டும். அதற்கு வெளியே ஓடி, முதல் பேஸுக்கு வரும் எறியைப் பிடிப்பதற்கு இடைஞ்சல் செய்தால் அவுட்.

கடந்தவுடன் வலப்பக்கம் தலையைத் திருப்பி, பந்து நழுவியதா என்று பார்க்க வேண்டும். நழுவியிருந்தால் இரண்டாம் பேஸுக்குக் கிளம்பலாம். ஆனால் இரண்டாம் பேஸை நோக்கிப் போக முயன்றுவிட்டால், பேஸுக்கு வெளியே தொடப்படும்போது பாதுகாப்பு இல்லை. அரை மனதாக இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்புவதுதான் ஆபத்து.

பந்து அவுட்ஃபீல்டுக்குள் போனது தெரிந்துவிட்டால் நேர்கோட்டில் ஓடக்கூடாது. பேஸுக்கு நான்கைந்து மீட்டர் முன்பே சற்று வலப்பக்கம் விலகி, வளைந்து வந்து, பேஸின் உள்மூலையை மிதித்துத் திரும்பினால் அடுத்த பேஸுக்கு நேராக முகம் இருக்கும். நேராக ஓடி வந்து திரும்புபவர் வலப்பக்கப் புல்வெளி வரை அகன்றுவிட்டுத்தான் திரும்ப முடியும்.

4. பேஸை விட்டுப் புறப்படும் நொடி

பந்து பிட்ச்சரின் கையை விட்டு வெளியேறும்வரை ரன்னரின் கால் பேஸில் இருக்க வேண்டும். முன்பே விட்டால் ரன்னர் அவுட், ஆட்டம் அங்கேயே நிற்கும், அந்த வீச்சும் கணக்கில் சேராது. எதிரணி எதையும் செய்யாமலே அவர்களுக்குக் கிடைக்கும் அவுட் இது. கிரிக்கெட்டில் மறுமுனையிலிருந்து இரண்டு எட்டு முன்னே போய் நிற்கும் பழக்கம் உள்ளவர்களே இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள்.

அதற்காகப் பந்து போனபிறகு யோசித்துக் கிளம்பினால் தாமதமாகிவிடும். இடக்காலை பேஸின் முன்விளிம்பில் வைத்து, வலக்காலை பேஸுக்குப் பின்னால் ஓரடி தள்ளி வைத்து, உடல் எடையைப் பின்காலில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பிட்ச்சரின் கை மேலிருந்து கீழ்நோக்கிச் சுழலும்போது எடை முன்னே வரத் தொடங்க வேண்டும். கை இடுப்பைத் தாண்டும்போது வலக்கால் முதல் எட்டாக முன்னே பாய வேண்டும். பந்து கையை விட்ட கணத்தில் இடக்கால் பேஸைத் தள்ளிக்கொண்டு விடுபட வேண்டும். ஆகவே பிட்ச்சரின் முகத்தையோ தோளையோ பார்க்காமல் இடுப்பருகே வரும் கையையே பார்க்கப் பழக்குங்கள்.

பயிற்சியில் ஒருவர் கைச்சுழற்சி மட்டும் செய்ய, மூன்று பேஸிலும் பிள்ளைகள் நின்று புறப்படட்டும். பேஸுக்கு அருகே ஒருவர் உட்கார்ந்து காலை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். ரன்னர் தன் காலைத் தானே கணிக்க முடியாது.

புறப்பட்டபின் மூன்று எட்டு ஓடி, பிறகு முழங்காலை வளைத்து, ஹோம் பிளேட்டைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பந்து அடிக்கப்படவில்லை, கேட்ச்சர் சுத்தமாகப் பிடித்துவிட்டார் என்றால் உடனே திரும்ப வேண்டும். திரும்பும்போது கேட்ச்சருக்கு முதுகைக் காட்டி நடந்து வருவது புதியவர்களின் பெருங்குறை. கேட்ச்சரின் எறி அவர்களுக்கு முன்பே பேஸுக்கு வந்துவிடும்.

மூன்றாம் பேஸில் மட்டும் ஒரு கூடுதல் கவனம் தேவை. ஹோமை நோக்கி இறங்கும்போது ஃபவுல் பக்கமாக இறங்கி, திரும்பும்போது ஃபேர் பக்கமாகத் திரும்ப வேண்டும். ஃபேர் பகுதியில் வந்த அடி, ஃபீல்டர் எவரையும் தொடாமலும் கடக்காமலும், பேஸுக்கு வெளியே உள்ள ரன்னர்மேல் பட்டால் அவர் அவுட். ஃபவுல் பக்கத்தில் பட்டால் அது வெறும் ஃபவுல். திரும்பும்போது கோட்டின் உட்பக்கம் வந்தால் கேட்ச்சரின் எறிக்கும் மூன்றாம் பேஸ் ஃபீல்டரின் கைக்கும் நடுவே உங்கள் முதுகு இருக்கும், அவர் தெளிவாகப் பிடிப்பது கடினம்.

5. பந்து எழும்பிவிட்டால்

எழும்பிய பந்து பிடிக்கப்பட்டால், ரன்னர் தான் நின்ற பேஸை மீண்டும் தொட வேண்டும். ஃபீல்டர் பந்தை முதன்முதலில் தொட்ட நொடியிலிருந்து மீண்டும் கிளம்பலாம். பந்து கையில் தட்டுத்தடுமாறி இரண்டு முறை எகிறி அதன்பின் பிடிபட்டாலும் முதல் தொடுகையே கணக்கு. ஃபவுல் பகுதியில் பிடித்தாலும் இதே விதி. பிடிக்கப்படாத ஃபவுல் என்றால் ஆட்டம் நின்றுவிடும், அனைவரும் அவரவர் பேஸுக்குத் திரும்ப வேண்டும்.

முன்பே கிளம்பியவரை அம்பயர் தானாக அவுட் கொடுக்கமாட்டார். எதிரணி முறையிட வேண்டும். ஆகையால் தவறாகக் கிளம்பிவிட்டதை உணர்ந்தால், பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே திரும்பி வந்து தொட்டுவிட வேண்டும், வழியில் மிதித்த பேஸ்களைத் தலைகீழ் வரிசையில் மீண்டும் மிதித்துக்கொண்டு.

எங்கே நிற்பது என்பது பந்தின் தூரத்தைப் பொறுத்தது. மூன்றாம் பேஸ் ரன்னர் இரண்டு அவுட் ஆகாதவரை எந்த உயரப் பந்துக்கும் பேஸுக்கே திரும்பிவிட வேண்டும். பிடிபட்டால் ஓடலாம், விழுந்தால் நடந்தே ரன் எடுக்கலாம். முதல் பேஸ் ரன்னர் பாதி வழி போய் நிற்கலாம், ஏனென்றால் பந்து கீழே விழுந்தால் அவர் தள்ளப்படுகிறார். இரண்டாம் பேஸ் ரன்னர் வலது அவுட்ஃபீல்டின் ஆழத்துக்குப் போன பந்துக்கு பேஸைத் தொட்டு நிற்பது நல்லது, அங்கிருந்து மூன்றாம் பேஸுக்கு எறி தூரம் அதிகம். இடது பக்கப் பந்துக்குப் பாதி வழி. லைன் டிரைவ் (உயராமல் நேராகப் பாயும் அடி) என்றால் எல்லோரும் அந்த இடத்திலேயே உறைந்து, பேஸின் பக்கம் ஓரெட்டு சாய்ந்து, பந்து தரையைத் தொட்டதைக் கண்டபின்பே ஓட வேண்டும்.

இன்ஃபீல்ட் ஃப்ளையை இங்கேயே முடித்துவிடலாம். இரண்டு அவுட் ஆகாத நிலையில் முதல், இரண்டாம் பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ரன்னர்கள் இருக்க, இன்ஃபீல்டர் (பேஸ்களின் அருகே நிற்கும் ஃபீல்டர்) சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய ஃபேர் ஃப்ளை (எழும்பிய பந்து) வந்தால், பந்து பிடிபட்டாலும் விழுந்தாலும் அடித்தவர் அவுட். பன்ட்டுக்கும் (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டும் அடி) லைன் டிரைவுக்கும் இது பொருந்தாது. அடித்தவர் அவுட் ஆகிவிட்டதால் ஃபோர்ஸ் இல்லை. பந்து விழுந்ததும் பதறி ஓடும் பிள்ளைகளைத்தான் எதிரணி எதிர்பார்க்கிறது. பேஸிலேயே நில்லுங்கள்.

6. கிரவுண்டருக்கு இரண்டாம், மூன்றாம் பேஸில் செய்யவேண்டியது

தள்ளப்பட்ட ரன்னருக்கு யோசனை தேவையில்லை, ஓட வேண்டும். தள்ளப்படாதவருக்குத்தான் முடிவெடுக்கும் வேலை இருக்கிறது.

இரண்டாம் பேஸில் தனியாக நிற்பவருக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: பந்து தன் முதுகுப்பக்கம், அதாவது இரண்டாம் பேஸ் ஃபீல்டர், முதல் பேஸ் ஃபீல்டர் பக்கமாகப் போனால் ஓடலாம், தன் முன்னால், ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ் பக்கமாகப் போனால், அது தன்னைக் கடந்து போகும்வரையோ ஃபீல்டர் முதல் பேஸுக்கு எறியும்வரையோ காத்திருக்க வேண்டும். முன்னால் இருக்கும் ஃபீல்டருக்கு மூன்றாம் பேஸ் பக்கத்திலேயே இருக்கிறது என்பதே காரணம்.

மூன்றாம் பேஸ் ரன்னரின் முடிவைப் பயிற்றுநர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: பந்து கீழே பட்டதும் ஓடு, அல்லது இன்ஃபீல்டைக் கடந்தால் மட்டும் ஓடு. இன்ஃபீல்டர்கள் முன்னே நெருங்கி நின்றால் இரண்டாவது. பின்னே நின்றால் முதலாவது. பன்ட்டுடன் சேர்த்து ரன்னர் ஓடி வருவது என்றால், அடிப்பவர் எந்தப் பந்தையும் மட்டையில் தொட்டே ஆக வேண்டும் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் சைகை தெரிந்திருந்தால் ரன்னர் நேராக கேட்ச்சரின் கைக்குள் வந்து சேருவார்.

7. பிட்ச்சர் வட்டத்தில் பந்து இருக்கும்போது

சாஃப்ட்பாலுக்கே உரிய விதி இது. பிற ஆட்டங்களிலிருந்து வருபவர்களுக்குப் பழக்கமில்லாததால் இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பிட்ச்சர் பந்துடன் வட்டத்துக்குள் இருக்கிறார், அடித்தவர் முதல் பேஸைத் தொட்டுவிட்டார் அல்லது அவுட் ஆகிவிட்டார் என்றால், பேஸுக்கு வெளியே உள்ள ரன்னர்கள் உடனடியாக முன்னே போக வேண்டும் அல்லது பின்னே திரும்ப வேண்டும். ஓடிக்கொண்டிருந்தவர் ஒருமுறை நிற்கலாம்; நின்றதும் தாமதமின்றி ஒரு திசையைத் தேர்ந்து, பேஸை அடையும்வரை நிற்காமல் போக வேண்டும். திசையை எடுத்தபின் மாற்றினாலோ, நின்று பிட்ச்சரை வேடிக்கை பார்த்தாலோ அவுட். பேஸிலேயே நிற்பவர் அதை விட்டு வெளியேறினாலும் அவுட்.

கோ-கோ ஆடிய பிள்ளைக்கு இதைச் சொல்ல ஒரு நொடி போதும்: விரட்டுபவர் ஒரு பக்கம் எடுத்துவிட்டால் திரும்ப முடியாதது போலவே இதுவும். கிரிக்கெட் பிள்ளைக்கு நான்கைந்து நாள் பிடிக்கும், ஏனெனில் பாதி வழியில் நின்று தயங்குவது அங்கே குற்றமில்லை.

பிட்ச்சர் ரன்னரை அவுட்டாக்க முனைந்தால், அதாவது எறிந்தாலோ எறிவதுபோலக் கையை ஓங்கினாலோ, இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும்; ரன்னர் திசை மாற்றலாம். வட்டத்தை விட்டு வெளியேறினாலும் அப்படியே. ஆகவே எதிரணிப் பிட்ச்சர் பதற்றக்காரரா என்பதை முதல் இன்னிங்சிலேயே கவனித்து வையுங்கள்.

இந்த விதியை ஆயுதமாகவும் பயன்படுத்தலாம். மூன்றாம் பேஸில் ரன்னர் இருக்கிறார், அடிப்பவருக்கு நான்கு பால் (ஸ்டிரைக் ஆகாத, அவர் அடிக்க முயலாமல் விட்ட வீச்சு) கிடைத்து முதல் பேஸுக்குப் போகிறார் என்று கொள்வோம். அவர் முதல் பேஸில் நிற்காமல் தொடர்ந்து இரண்டாம் பேஸை நோக்கி ஓடலாம். பிட்ச்சர் அவரைப் பிடிக்க எறிந்தால் மூன்றாம் பேஸ் ரன்னர் ஹோமுக்கு வரலாம்; எறியாவிட்டால் இரண்டாம் பேஸ் இலவசமாகக் கிடைக்கிறது. நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான் இங்கே உயிர்நாடி. முதல் பேஸில் நின்று மூச்சுவாங்கிவிட்டுக் கிளம்பினால் அவுட்.

பயிற்சி எளிது. ஒருவர் பந்துடன் வட்டத்துக்குள் சும்மா நிற்கட்டும். ரன்னர்களைப் பேஸ்களுக்கு நடுவே வெவ்வேறு இடங்களில் நிறுத்தி, கை தட்டியதும் முடிவெடுக்கச் சொல்லுங்கள். இதில் தவறான திசை என்று எதுவும் இல்லை, தயக்கம் மட்டுமே தவறு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் பயமின்றி ஓடுவார்கள்.

8. ஸ்டீலும் சறுக்கலும்

நான்காம் படி கைவந்தவர்களுக்கு மட்டும் ஸ்டீல் கற்பியுங்கள். யாரை அனுப்பலாம் என்பதை ஊகத்தில் முடிவு செய்யாமல் ஸ்டாப்வாட்ச்சால் பாருங்கள்: பந்து பிட்ச்சரின் கையை விட்டதிலிருந்து, கேட்ச்சர் எறிந்து இரண்டாம் பேஸில் பந்து சேரும்வரை ஒரு நேரம், அதே நொடியிலிருந்து உங்கள் ரன்னர் பேஸைத் தொடும்வரை ஒரு நேரம். இரண்டாவது குறைவாக இருந்தால் அனுப்பலாம். எதிரணிக் கேட்ச்சரை ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியிலேயே அளந்துவிடலாம், அதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

மூன்றாம் பேஸுக்கு ஸ்டீல் செய்வதை நான் இளையோர் அணிகளுக்குப் பெரிதும் பரிந்துரைப்பதில்லை. கேட்ச்சருக்கு அந்த எறி 18.29 மீட்டர்தான், இரண்டாம் பேஸிலிருந்தே நல்ல ஓர் அடிக்கு ரன் வந்துவிடும். கேட்ச்சர் பந்தைத் தவறவிட்டால் ஓடுவது வேறு. அதற்கு எல்லா ரன்னரும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

சறுக்கலைக் கெட்டி மண்ணில் தொடங்காதீர்கள். நீளம் தாண்டுதலுக்கான மணல் குழி பல பள்ளிகளில் இருக்கிறது. மணலைக் கிளறிக் கல் பொறுக்கியபின் அங்கே தொடங்கலாம். ஒரு காலை மடித்து மற்றக் காலின் கீழ் வைத்து, நீட்டிய காலைச் சற்றே மேலே தூக்கி, மோவாயை நெஞ்சோடு சேர்த்து, இரு கைகளையும் மேலே உயர்த்தி உட்கார்ந்தவாறு சறுக்க வேண்டும். கையைத் தரையில் ஊன்றினால் மணிக்கட்டு போகும். பேஸுக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் முன்பே தொடங்க வேண்டும். பேஸுக்குப் பக்கத்தில் போய்க் கடைசி நொடியில் விழுபவர்களுக்குத்தான் கணுக்கால் காயம் வருகிறது. முழுக்கால் பேன்ட் இல்லாமல் யாரையும் சறுக்க விடாதீர்கள்.

9. முதல், மூன்றாம் பேஸ்களில் இருவர்

இளையோர் ஆட்டத்தில் அதிகம் குழப்பம் விளைவிக்கும் நிலை இதுவே. அந்தக் குழப்பம் எதிரணிக்கு வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பேஸ் ரன்னர் ஸ்டீல் செய்கிறார். மூன்றாம் பேஸ் ரன்னர் நான்காம் படியில் சொன்னபடி மூன்று எட்டு இறங்கி நின்று, கேட்ச்சரின் எறியைப் பார்க்கிறார். எறி பிட்ச்சரின் தலையைத் தாண்டி உயரமாகப் போவதைக் கண்டபின்பே ஹோமுக்கு ஓட வேண்டும். கேட்ச்சர் கையை ஓங்கியதும் ஓடும் பிள்ளை பொய் எறியில் மாட்டிக்கொள்ளும். பல அணிகள் பிட்ச்சரே இடையில் பிடித்து மூன்றாம் பேஸுக்குத் திருப்பி எறியவும் பழகியிருக்கின்றன.

முதல் பேஸ் ரன்னருக்கு, இரண்டாம் பேஸில் பந்து தனக்கு முன்பே வந்து காத்திருப்பது தெரிந்தால், நேராகப் போய் அவுட் ஆகக்கூடாது என்று சொல்லிவைக்க வேண்டும். நடுவில் நின்று, திரும்பி, ஃபீல்டர்கள் தன்னைத் துரத்தும்படி செய்ய வேண்டும். அதற்குள் ஹோமில் ரன் வந்துவிடும். தொடுகையிலிருந்து தப்பத் தன் பாதையிலிருந்து 0.91 மீட்டருக்கு மேல் விலகி ஓடினால் அவுட் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

10. இடைஞ்சல் யாருடையது

அடிக்கப்பட்ட பந்தை எடுக்கப்போகும் ஃபீல்டருக்கு வழி விடவேண்டியது ரன்னரின் கடமை. மோதினால் ரன்னர் அவுட், ஆட்டம் நிற்கும். வேண்டுமென்றே மோதி அடுத்த அவுட்டைக் கெடுத்தால் இன்னொருவரும் அவுட் கொடுக்கப்படலாம். ஃபீல்டரின் பின்புறமாகச் சுற்றி ஓடுங்கள்.

பந்து கையில் இல்லாத, அடித்த பந்தை எடுக்கவும் போகாத ஃபீல்டர் வழியில் நின்றால் குற்றம் அவருடையது. அம்பயர் இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டுவார், ஆட்டம் உடனே நிற்காது. நிறைவில் ரன்னர் எந்தப் பேஸை அடைந்திருப்பார் என்று கணித்து அதைத் தருவார். ஆகையால் மோதியதும் நின்று புகார் சொல்லாமல், எழுந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பயிற்றுநர்களுக்கும் ஒரு வார்த்தை: ஓடும் பிள்ளையை ஆர்வத்தில் கையால் பிடித்துத் தள்ளினாலோ நிறுத்தினாலோ அவுட் கொடுக்கப்படும்.

11. இரண்டு அவுட் ஆனபின்

இரண்டு அவுட் ஆனால் பிடிபடும் பந்தைப் பற்றிய கவலை போய்விடுகிறது. பிடித்தால் இன்னிங்ஸ் முடிந்தது. எனவே மட்டையில் பந்து பட்ட ஒலி கேட்டதும் எல்லா ரன்னரும் ஓட வேண்டும். மூன்று பால், இரண்டு ஸ்டிரைக் கணக்கும் சேர்ந்திருந்தால், தள்ளப்படும் நிலையில் உள்ளவர்கள் பந்து கையை விட்டதுமே ஓடலாம்: அடித்தால் முன்னிலை, பால் என்றால் எப்படியும் ஒரு பேஸ்.

மூன்றாம் அவுட் ஃபோர்ஸாகவோ, அடித்தவர் முதல் பேஸைத் தொடும் முன்போ விழுந்தால், அதற்கு முன்பே ஹோமைத் தொட்ட ரன்னும் கணக்கில் வராது. மூன்றாம் அவுட் ஒருவரைப் பந்தால் தொட்டு விழுந்தது, அவர் தள்ளப்பட்டவரும் அல்ல என்றால், அதற்கு முன் ஹோமைத் தொட்ட ரன் செல்லும். இதனால் இரண்டு ஒழுக்கங்கள் கட்டாயம். ஹோமுக்கு வருபவர் "யாரும் என்னைப் பார்க்கவில்லை" என்று வேகத்தைக் குறைக்கக் கூடாது. பின்னால் உள்ளவர், முன்னால் உள்ளவர் ஹோமைத் தொடும் முன் பேராசைப்பட்டுத் தொடப்படக் கூடாது. மாட்டிக்கொண்டால் குறைந்தது அந்த ரன் வரும்வரையாவது தாக்குப்பிடிக்க வேண்டும்.

12. குரலும் சைகையும்

முதல், மூன்றாம் பேஸ்களின் அருகே நிற்கும் பயிற்றுநர்கள் நான்கு சொற்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: "ஓடு", "நில்", "திரும்பு", "படு". "போ" என்று கத்துவதைத் தவிர்ப்பது நல்லது. "போதும்" என்று நிறுத்த முயலும்போது முதல் எழுத்தைக் கேட்டதுமே பிள்ளை பாய்ந்துவிடுகிறது. முதல் பேஸிலிருந்து இரண்டாம் பேஸ் வரை ரன்னர் தன் கண்ணால் முடிவெடுக்கலாம். இரண்டாம் பேஸை நெருங்கும்போது பந்து பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், அங்கிருந்து மூன்றாம் பேஸ் பயிற்றுநரை மட்டுமே பார்க்க வேண்டும். பந்தைத் தேடித் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஓட்டம் தளர்கிறது.

ஒவ்வொரு பந்துக்கும் முன், பேஸில் நிற்கும் பிள்ளை விரலால் அவுட் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும், அடுத்து, "நான் தள்ளப்படுகிறேனா, பந்து எழும்பினால் எங்கே நிற்பேன்?" என்று தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். முதலில் வாய்விட்டுச் சொல்ல வைத்தால் யாருக்குப் புரியவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

பயிற்சி ஆட்டங்களை வெறும் பேஸ்களோடு தொடங்காமல், ஒவ்வொரு அரை இன்னிங்சையும் இரண்டாம் பேஸில் ஒரு ரன்னரோடு தொடங்குங்கள். ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலை என்றால் எட்டாவதிலிருந்து அப்படித்தான் தொடங்கும்: அந்த இன்னிங்சில் கடைசியாக அடிக்க வேண்டியவர் இரண்டாம் பேஸில் போய் நிற்க வேண்டும். அவர் அணியின் மிக மெதுவான ஆளாகவும் இருக்கலாம். ஆகவே பயிற்சியில் அந்த இடத்துக்கு வேகமானவர்களை மட்டும் அனுப்பாமல், எல்லாரையும் முறைவைத்து நிறுத்துங்கள்.